ஹாட்வெயார் கடையைக் கொப்பியிலிருந்து கொம்பியூட்டர் பில்லுக்கு மாற்ற எங்கிருந்து தொடங்குவது? (திருகோணமலை)

திருமலைக்கடை எழுதியது:

வணக்கம். திருகோணமலை டவுனுக்குள் நடுத்தர ஹாட்வெயார் கடை. சாமான் வகை எண்ணினால் 3,500க்குக் கிட்ட வரும். பி.வி.சி. குழாய், அதன் பிட்டிங், வயர், ஆணி, பெயின்ட், பூட்டு, தண்ணீர் மோட்டர், படகுக்காரருக்குக் கொஞ்சம் நைலோன் கயிறும் துருப்பிடிக்காத போல்ட்டும். வேலைக்கு நாலு பேர். இன்றுவரை பில் புத்தகமும் சீ.ஆர். கொப்பியும் (தடித்த அட்டைக் கணக்குக் கொப்பி)தான். கடனுக்குத் தனியாக இரண்டு கொப்பி.

இடிக்கிற இடங்கள் இவை. சாமான் முடிந்தது ஆள் வந்து கேட்கும்போதுதான் தெரிகிறது. கொழும்பு விலை மாறினால் ராக்கையில் (சாமான் அடுக்கும் தட்டில்) ஒரு விலை, வேலையாளின் வாயில் இன்னொரு விலை. மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பக்கத்து பாஸ்மார் (கட்டட வேலை எடுத்துச் செய்பவர்கள்) வட்ஸ்அப்பில் ஓடர் போடுகிறார்கள். ஒரே ஓடர் இரண்டு தரம் போகிறது, இல்லாவிட்டால் போகாமலே விடுபடுகிறது. பின்னேரம் லாச்சியை (காசு போடும் இழுப்பறையை) எண்ணினால் காசு கூடியோ குறைந்தோ நிற்கிறது, காரணம் பிடிபடுவதில்லை.

மூன்று பேர் சொவ்ட்வெயார் காட்டிவிட்டுப் போனார்கள். மூவரும் சொன்னது ஒன்றுதான்: "ஒரு கிழமையில் எல்லாம் ஏற்றித் தருவோம்." நம்பிக்கை வரவில்லை. ஸ்டொக் எடுக்கக் கடையைப் பூட்டத்தான் வேண்டுமா? உப்புக்காற்றுக்கும் சீமெந்துத் தூசிக்கும் எந்த மெஷின் தாங்கும்? கடன் கொப்பியை என்ன செய்வது? தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கள்.

ராக்கைக்கணக்கு எழுதியது:

தம்பி, சொவ்ட்வெயாரைக் கடைசியாக வாங்குங்கள். முதல் வேலை பெயர்ப் பட்டியல். அதைச் செய்யாமல் மெஷின் வாங்கிய கடைகளில் நடப்பது இதுதான்: காலையில் ஒருவர் "அரை இஞ்சி எல்போ" என்று ஏற்றுவார், பின்னேரம் மற்றவர் "எல்போ 1/2" என்று ஏற்றுவார். கொம்பியூட்டருக்கு அவை இரண்டு வேறு சாமான். ஒன்றில் இருப்பு மைனஸ் 40 காட்டும், மற்றதில் 200 காட்டும். மூன்று மாதத்தில் "இந்த மெஷின் பொய் சொல்லுது" என்று எல்லாரும் திரும்பக் கொப்பிக்குப் போய்விடுவார்கள்.

பெயர் வைக்க ஒரு ஒழுங்கு வேண்டும். முதலில் சாமான், பிறகு எதனால் ஆனது, பிறகு அளவு, பிறகு வகை, கடைசியில் கம்பனி. "பைப் பி.வி.சி. 1/2 டைப் 1000" என்று. தேடும்போது "பைப்" என்று அடித்தால் எல்லாப் பைப்பும் வரிசையாக வரும். கம்பனிப் பெயரை முன்னுக்குப் போட்டால் ஒரே சாமான் பத்து இடத்தில் சிதறும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து இலக்கக் குறியீடு, வெறும் எண்ணாக. முதல் இரண்டு எண் பகுதி (குழாய் 11, வயர் 12, ஆணி 13), மீதி மூன்றும் வரிசை. குறியீட்டுக்குள் எழுத்துப் போட வேண்டாம். கீபோட் தமிழில் நிற்கும்போது ஸ்கேன் பண்ணினால் ஆங்கில எழுத்தெல்லாம் தமிழாக விழும், சாமான் "இல்லை" என்று வரும். எண்ணுக்கு அந்தத் தொல்லை குறைவு.

இதை எக்செலில் செய்யுங்கள். குறியீட்டுக்கும் பார்கோட்டுக்கும் உரிய நிரலை, தட்டத் தொடங்கும் முன்னமே "டெக்ஸ்ட்" ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 479இல் தொடங்கும் 13 இலக்கப் பார்கோட் (நம் நாட்டில் பதிந்த சாமானுக்கு அந்த முன் எண்தான் வரும்) 4.79E+12 என்று சுருங்கிப்போகும், முன்னால் உள்ள பூச்சியங்களும் தொலையும். அப்படியே சீ.எஸ்.வி. (வெறும் எழுத்துக் கோப்பு) ஆகச் சேமித்த பிறகு திருப்பி எடுக்க வழி கிடையாது.

ஹாட்வெயார் கடையில் எல்லாக் கணக்கும் பிழைக்கிற இடம் அலகு. பலசரக்குக் கடைக்கு எழுதிய சொவ்ட்வெயார் இங்கேதான் படுக்கும். வாங்குகிற அலகு, விற்கிற அலகு, இரண்டுக்கும் நடுவில் பெருக்கும் எண் என்று மூன்றும் இருக்க வேண்டும்.

வயரை எடுங்கள். 7/0.67 சுருள் ஒன்று 100 மீற்றர். அது 109 யாரும் (கெஜமும்) 13 இஞ்சியும். யார்க்கோலால் அளந்து கொடுத்துவிட்டு மெஷினில் மீற்றராகப் பதிந்தால், 100 யார் விற்றதும் இருப்பு பூச்சியம் என்று வரும், கையிலோ 9 யாருக்கு மேலே கிடக்கும். அது "லாபம்" போலத் தெரியும். ஆனால் அடுத்த சுருளை ஒன்பது யார் முந்தி ஓடர் பண்ணுகிறீர்கள், விலையும் யாருக்கா மீற்றருக்கா என்று யாருக்கும் தெரியாமல் போகிறது. மேசையில் ஒரு மீற்றருக்கு ஆணி அடித்துக் குறி வையுங்கள், யார்க்கோலைக் கடையை விட்டே எடுத்துவிடுங்கள்.

குழாய்க்கு வேறு வழி. 4 மீற்றர் நீளம் என்பது 13 அடியும் ஒன்றரை இஞ்சியும். முழு நீளத்துக்கு ஒரு குறியீடு, அடிக்கணக்கில் விற்பதற்கு இன்னொரு குறியீடு. ஒரு குழாயை வெட்டும்போது முழு நீளத்தில் 1 கழித்து வெட்டுக் குறியீட்டில் 13 அடி கூட்ட வேண்டும். இதைச் செய்தால்தான் மூலையில் எத்தனை அடி வெட்டுத்துண்டு சும்மா கிடக்கிறது என்று தெரியும். இரண்டு அடிக்குக் குறைந்த துண்டை மாத முடிவில் கழிவு என்று பதிந்து எடுத்துவிடுங்கள். அது இருப்பில் நிற்பது பொய்.

ஆணிக்கு நிறைதான் வில்லன். 50 கிலோவைக் கால் கிலோ கால் கிலோவாக நிறுத்தால் 200 தரம் தட்டு ஏறும். ஒவ்வொரு தரமும் 5 கிராம் தாராளமாகப் போனால் ஒரு கிலோ காற்றில். இது களவு இல்லை. ஆனால் 2 சதவீதம் கழிவு என்று மெஷினுக்குச் சொல்லாவிட்டால் வேலையாள் மேல் சந்தேகம் வரும். தராசுக்கு அளவீட்டு அலகுகள் திணைக்கள முத்திரை வருடா வருடம் புதுப்பித்திருக்கிறதா என்றும் பாருங்கள். டிஜிட்டல் தராசுக்கும் அது உண்டு.

ஸ்டொக் எடுக்கக் கடையைப் பூட்ட வேண்டாம். 3,500ஐயும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எண்ணினால் கடைசி ஆயிரம் கண்மதிப்புத்தான். ஒரு நாளைக்கு 40 வகை, கடை திறக்க முன்னம் அரை மணித்தியாலம், ஆள் வந்து சாமான் அசைய முன்னம். எண்ணியதை அன்றைக்கே ஏற்ற வேண்டும், நாளைக்கு என்று வைத்தால் அந்த எண் செத்துப்போகும். இந்த வேகத்தில் மூன்று மாதம். முதலில் ஓடுகிற இருநூறு சாமானைப் பிடியுங்கள். அவை ஏறியதும் அவற்றுக்கு மட்டும் மெஷின் பில், மற்றவை "ஏனையவை" என்ற ஒரு குறியீட்டில். அந்த "ஏனையவை" கிழமைக்குக் கிழமை சுருங்க வேண்டும், வேலை நகர்கிறதா என்பதற்கு அதுவே அளவு.

காலம்: மாரி மழையில், கார்த்திகை மார்கழியில், கட்டட வேலை படுக்கும்போது தொடங்குங்கள். மாசி பங்குனியில் உப்புவெளி, நிலாவெளி விடுதிக்காரர் சீசனுக்கு முன்னால் பெயின்டும் பிளம்பிங்கும் என்று வந்து நிற்பார்கள். அந்த நேரம் புதுப் பழக்கம் எதையும் கடைக்குள் விடக்கூடாது.

திருமலைக்கடை எழுதியது:

நன்றி அண்ணா. யார்க்கோல் விசயம் இங்கேயும் அப்படியேதான். ஒரு கேள்வி: சாமான் பெயரைத் தமிழில் வைத்தால் வேலையாட்களுக்கு லேசு. பாமினியில் கொஞ்சம் ஏற்கெனவே தட்டியிருக்கிறது. அதை அப்படியே போடலாமா?

உப்புக்காற்று எழுதியது:

பாமினியில் உள்ளதைப் போட வேண்டாம். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, எழுத்துருதான் அதைத் தமிழ் போலக் காட்டுகிறது. வேறு மெஷினில், போனில், சொவ்ட்வெயாரின் தேடலில் அது குப்பையாகத் தெரியும். பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மாற்றிய பிறகு கொம்பு, கால் எழுத்துகளை ஒருதரம் கண்ணால் பாருங்கள். எக்செலிலிருந்து சீ.எஸ்.வி.யாகச் சேமிக்கும்போது யு.டி.எப். 8 (யுனிகோட் எழுத்தைக் காக்கும் வகை) என்பதைத் தெரிவு செய்யாவிட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகப் போய்விடும்.

இன்னொரு பொறி பில் பிரிண்டர். 80 மில்லிமீற்றர் தேர்மல் பிரிண்டர்களில் பொதுவாகத் தமிழ் எழுத்து உள்ளே கிடையாது. எழுத்தாக அனுப்பினால் கோணல் மாணலாக வரும். படமாக அனுப்பினால் தமிழ் வரும், கொஞ்சம் மெதுவாக. சொவ்ட்வெயார் காட்ட வருபவரிடம் "தமிழில் ஒரு பில் அடித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள், திரையில் காட்டுவதை எண்ண வேண்டாம். உங்கள் கடைச் சாமான் ஐந்தை அங்கேயே ஏற்றச் சொல்லுங்கள்: ஒரு சுருள் வயரை மீற்றரில் விற்கவும், ஒரு குழாயை வெட்டவும், ஒரு பில்லில் பாதி காசும் பாதி கடனும் போடவும், திரும்பி வந்த சாமானைப் பதியவும், இணையத்தைப் பிடுங்கிவிட்டு ஒரு பில் அடிக்கவும். இந்த ஐந்திலும் தடுக்காமல் வந்தால் மிச்சத்தைப் பேசலாம். ஆறாவது கேள்வி: உங்களை விட்டுப் போனால் என் தரவை எக்செலில் எடுத்துக்கொண்டு போகலாமா? "ஓம், ஆனால்..." என்று இழுத்தால் விடுங்கள்.

மெஷின் விசயம். கடற்காற்றை விடச் சீமெந்துத் தூசிதான் மோசம். விசிறி அதை உள்ளே இழுக்கும், வாடைக்காற்று ஈரத்தோடு அது உள்ளேயே இறுகும். சீ.பி.யூ.வை நிலத்தில் வைக்கக் கூடாது, சீமெந்து அடுக்கும் பக்கத்துக்கு முகம் காட்டவும் கூடாது. மேசைக்கு மேலே, பின்பக்கம் காற்றோட்டம் இருக்க, மாதம் ஒருதரம் நிற்பாட்டிவிட்டு ஊதித் துடைத்தால் போதும். விசிறியே இல்லாத சின்னக் கொம்பியூட்டர் கிடைத்தால் அது திறம். பழைய லப்டொப் ஒன்று இருந்தாலும் பில் அடிக்கத் தாராளம், பட்டரி கூடவே வருகிறது. கதவுப் பக்கத்து யு.எஸ்.பி. செருகிகள் உப்புக்காற்றில் பச்சை பிடிக்கும். ஸ்கேனர் விட்டு விட்டு வேலை செய்தால் ஸ்கேனரை மாற்ற முன்னம் செருகியைத் துடைத்துப் பாருங்கள்.

ஸ்கேனர் வாங்கியதும் இரண்டு அமைப்பு: ஸ்கேன் முடிந்ததும் "என்டர்" தானாக விழ வேண்டும், கேப்ஸ் லொக் நிற்கக் கூடாது. ஆணிக்கும் போல்ட்டுக்கும் தனித்தனியே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், வீண். பெட்டிக்கு ஒரு ஸ்டிக்கர், மேசையில் படத்தோடு பார்கோட் ஒட்டிய ஒரு அட்டை. வெயில் படும் ராக்கைக்கு நேரடித் தேர்மல் ஸ்டிக்கர் ஒட்டினால் கறுத்துப்போகும். ரிபன் போடுகிற பிரிண்டரில் அடித்தது நிற்கும்.

தேர்மல் பில்லும் அப்படித்தான். வெப்பத்திலும் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் அழிந்துவிடும். தண்ணீர் மோட்டர், டிரில் போல கரன்டி (உத்தரவாதம்) உள்ள சாமானுக்கு ஏ5 தாளில் தொடர் இலக்கத்தோடு சாதாரண பிரிண்டரில் அடியுங்கள். கடன் பில்லுக்கு இரண்டு தாள் ஒட்டிய காபன் இல்லாத தாளும் டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரும். கையெழுத்து இரண்டிலும் விழும். பழைய மெஷின் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கரண்ட். 2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். அந்தளவுக்கு யாரும் யு.பி.எஸ். வாங்க முடியாது. யு.பி.எஸ். என்பது பில்லை முடித்து ஒழுங்காக நிற்பாட்டுவதற்கான நேரம், அவ்வளவுதான். கொம்பியூட்டரும் திரையும் மட்டும் என்றால் 650 விஏ பத்து நிமிடமளவில் தாங்கும். லேசர் பிரிண்டரை அதில் கொழுவினால் சூடேறும் கணத்திலேயே விழும். ரவுட்டருக்குத் தனியாக 12 வோல்ட் சின்ன பட்டரிப் பெட்டி. யு.பி.எஸ்.ஸின் உள்ளே உள்ள ஈயப் பட்டரி இந்த வெக்கைக்கு இரண்டு மூன்று வருடம். மாதம் ஒருதரம் பிளக்கைக் கழற்றிப் பார்க்காவிட்டால், கரண்ட் போகிற அன்றுதான் அது செத்த விசயம் தெரியும். சின்ன ஜெனரேட்டர் போட்டும் யு.பி.எஸ். "டிக் டிக்" என்று பட்டரியிலேயே நின்றால் யு.பி.எஸ்.ஸில் பழுதில்லை. ஜெனரேட்டரின் அலை ஆடுகிறது, யு.பி.எஸ். அதை ஏற்க மறுக்கிறது. ஜெனரேட்டர் வேகத்தைச் சரிசெய்வித்துப் பாருங்கள்.

பிரதி எடுப்பது தினமும், கடை பூட்ட முன்னம். இரண்டு பென் டிரைவ் மாறி மாறி, ஒன்று எப்போதும் வீட்டில். இணையத்தில் ஒரு பிரதி. மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறு மெஷினில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதியைப் பிரதி என்று எண்ணக் கூடாது.

கிண்ணியாக்கரை எழுதியது:

வட்ஸ்அப் பக்கத்தை நான் சொல்கிறேன். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு பாதைக்கு (ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கும் படகுக்கு) காத்து நிற்கிற கதை இல்லை. பாஸ்மார் காலை ஏழுக்கு மெசேஜ் போட்டு ஒன்பதுக்குச் சாமான் கேட்கிறார்கள். அதற்கு முதலாளியின் சொந்த நம்பர் சரிவராது. கடைக்கென்று ஒரு சிம், அதில் வட்ஸ்அப் பிஸ்னஸ். ஒரே நம்பரை நாலு மெஷினில் இணைக்கலாம், பில் மேசையிலும் திறந்திருக்கட்டும்.

லேபல் நாலு போதும்: புது ஓடர், விலை அனுப்பியது, பில் போட்டது, ஏற்றியது. ஒரு மெசேஜ் ஒரு லேபலில்தான் நிற்க வேண்டும். ஓடர் இரண்டு தரம் போவது ஏனென்றால், ஒருவர் போனில் பார்த்துச் சாமானை எடுக்கிறார், மற்றவர் மேசையில் பார்த்துத் திரும்ப எடுக்கிறார். பில் இலக்கம் விழாத ஓடருக்கு யாரும் ராக்கையில் கை வைக்கக் கூடாது. இந்த ஒரு சட்டத்தை மட்டும் பிடித்தாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

குரல் மெசேஜில் வந்த ஓடரை அப்படியே எடுக்க வேண்டாம். குறியீடு, அளவு, விலையோடு எழுதித் திருப்பி அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகு பில். "முக்கால்" என்று அவர் சொன்னது முக்கால் இஞ்சிக் குழாயா, முக்கால் நீளமா என்று பிறகு சண்டை பிடிக்க வேண்டியதில்லை. உடைந்த பிட்டிங்கின் படம் அனுப்பினால், பக்கத்தில் டேப்பை விரித்து வைத்து எடுக்கச் சொல்லுங்கள். வாயின் உள்விட்டம் தெரியாமல் படத்தைப் பார்த்துக் கொடுத்தது எல்லாம் திரும்பி வரும். விலை அனுப்பும்போது "இன்று பின்னேரம் 5 மணி வரை" என்று போடுங்கள்.

காசு விசயத்தில் ஒன்று. வங்கிக்குப் போட்ட சிலிப்பின் படத்தை நம்பிச் சாமான் ஏற்றக் கூடாது. படம் யாரும் செய்யலாம். நம் வங்கிக் கணக்கில் வந்ததா என்று நம் போனில் பார்க்க வேண்டும். லங்கா கியூஆரும் (போனால் ஸ்கேன் பண்ணிக் காசு கட்டும் முறை) அப்படியே: வாடிக்கையாளரின் திரை பச்சையாகத் தெரிவது நமக்கு ரசீது ஆகாது, கடை நம்பருக்கு வருகிற எஸ்.எம்.எஸ்.தான் ரசீது. கியூஆர் ஸ்டிக்கரைக் கண்ணாடிக்கு உள்ளே வையுங்கள், மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிற வேலையும் உலகத்தில் நடக்கிறது.

லாச்சி பிழைப்பதற்கு முக்காலே மூன்று வீசம் காரணம் இதுதான்: காட், கியூஆர், வங்கி மாற்று எல்லாவற்றையும் பில்லில் "காசு" என்று போடுவது. காசு, காட், கியூஆர், வங்கி, செக், கடன் என்று ஆறாகப் பிரியுங்கள். காலையில் சில்லறைக்கு ஒரே தொகை, சொல்லப்போனால் 5,000. லாச்சியிலிருந்து தேத்தண்ணிக்கு எடுத்தாலும் ஒரு துண்டு எழுதி உள்ளே போட வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி பாஸ்வேட். பில்லை அழிக்கும் உரிமை ஒருவருக்கு மட்டும்.

திருமலைக்கடை எழுதியது:

நானா, தேத்தண்ணிக் கணக்கைக் கண்ணால் கண்டது போல எழுதியிருக்கிறீர்கள். கடன் கொப்பி பற்றி?

கிண்ணியாக்கரை எழுதியது:

கொப்பி முழுவதையும் தட்டாதீர்கள். ஒரு திகதியைக் குறித்து, அன்றைக்குள்ள மீதியை ஆளோடு பேசி ஒத்துக்கொண்டு, அந்த ஒரு தொகையை மட்டும் ஏற்றுங்கள். கொப்பியில் சிவப்புக் கோடு இழுத்து அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவருக்கே அனுப்புங்கள். ஆளைப் பெயரால் திறக்க வேண்டாம், போன் நம்பரால் திறங்கள். ஒரே பெயரில் மூன்று பாஸ் இருப்பார்கள்.

பாஸ் வாங்குகிறாரா, வீட்டுக்காரர் வாங்குகிறாரா என்பதை முதல் நாளே தீருங்கள். வேலை முடிந்த பிறகு வீட்டுக்காரர் "நான் பாஸிடம் காசு குடுத்துட்டன்" என்பார், பாஸ் "அது அவர்ட வீட்டுச் சாமான்" என்பார். வீட்டுக்காரர் கணக்கில் என்றால் அவர் நம்பரிலிருந்து ஒரு "சரி" வர வேண்டும், ஒவ்வொரு பில்லுக்கும். ஆளுக்கு ஒரு எல்லைத் தொகை, 30 நாள். எல்லை தாண்டினால் மெஷின் பில்லை மறிக்கட்டும். "மெஷின் விடுதில்ல" என்று சொல்வது, "நான் தரமாட்டன்" என்பதைவிட லேசு.

ராக்கைக்கணக்கு எழுதியது:

இதில் ஒரு இடத்தில் நான் நானாவோடு ஒத்துப்போகவில்லை. கடனுக்கு மட்டும் முதல் ஒரு மாதம் கொப்பியும் மெஷினும் இரண்டும் ஓட வேண்டும். பில் பிழைத்தால் அடுத்த நாள் திருத்தலாம். கடன் பிழைத்தால் வாடிக்கையாளரின் முகம் முறியும். விற்பனைக்கு இரட்டைக் கணக்கு வேண்டாம், அது இரண்டையும் கெடுக்கும்.

விலை பற்றி விட்டுவிட்டேன். சராசரி விலை என்று மெஷின் காட்டுவதை வைத்து விற்பனை விலை போடாதீர்கள். கணக்குக்காகச் சொல்கிறேன்: 12,000க்கு வாங்கிய சுருள் 10, இப்போது 15,000க்கு 5. மொத்தம் 195,000, சராசரி 13,000. அதற்கு மேல் 15 சதவீதம் வைத்தால் 14,950. அடுத்த சுருள் வாங்கவே 15,000 வேண்டும். லாபம் காட்டிக்கொண்டே ராக்கை வெறுமையாகும். செம்போடு ஏறி இறங்கும் வயருக்கும், டொலரோடு ஆடுகிற இறக்குமதிச் சாமானுக்கும் கடைசியாக வாங்கிய விலையில்தான் விற்பனை விலை. சராசரி வருட முடிவுக் கணக்குக்கு.

அதோடு "15 சதவீதம்" என்றால் எதன் மேல் என்று சொவ்ட்வெயாரில் பாருங்கள். 800க்கு வாங்கி 1,000க்கு விற்றால் வாங்கிய விலையில் 25, விற்ற விலையில் 20. பெட்டியில் பிழையான இடத்தில் எண்ணைப் போட்டால் 3,500 சாமானும் ஒரே இரவில் பிழைக்கும்.

ஓடர் எப்போது போடுவது: ஒரு நாளைக்கு 20 எல்போ போகிறது, கொழும்பிலிருந்து வர 5 நாள், போயாவும் வார இறுதியும் சேர்ந்தால் இன்னும் 2. 20 × 7 = 140, கைக்காவலுக்கு 40, ஆக 180க்கு இறங்கியதும் மணி அடிக்க வேண்டும். சித்திரைப் புதுவருடத்துக்கு முன்னால் இந்த எண்ணைக் கையால் கூட்டுங்கள், லொறியும் இல்லை, கொழும்பில் ஆளும் இல்லை.

கணக்குமேசை எழுதியது:

வரி, சம்பளப் பக்கம் சுருக்கமாக. வேலையாள் ஒருவர் என்றாலும் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) உண்டு. சம்பளத்தில் வேலையாளிடம் 8 சதவீதம், முதலாளி 12, அதற்கு மேல் ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 முழுக்க முதலாளி. 40,000 சம்பளம் என்றால் கையில் போவது 36,800, கடைக்குச் செலவு 46,000. விலை போடும்போது 46,000ஐ வையுங்கள். மேலதிக நேரக் கொடுப்பனவில் ஈ.பி.எப். வெட்ட வேண்டாம். கட்டுவது அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்கு முன்னம். பிந்தினால் மேலதிகத் தொகை சேரும். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000.

1954இன் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. காலையில் அரை மணித்தியாலம் ஸ்டொக் எண்ணச் சொல்கிறார்களே, அதுவும் வேலை நேரம்தான். எண்ண வருபவரைப் பின்னேரம் அரை மணித்தியாலம் முந்தி விடுங்கள், இல்லாவிட்டால் கொடுப்பனவு போடுங்கள். சும்மா செய்விக்கிற வேலை ஒழுங்காக நடக்காது என்பது சட்டத்துக்கு அப்பாற்பட்ட உண்மை.

வற் (பெறுமதி சேர்) வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். பதியும் எல்லையையும் அப்போது வருடத்துக்கு 8 கோடியிலிருந்து 6 கோடியாக இறக்கினார்கள். 300 நாள் கடை திறந்தால் நாளுக்கு இரண்டு லட்சம் விற்றாலே 6 கோடி. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 3 கோடி 60 லட்சத்துக்கு இறக்க முன்மொழிந்தார்கள், அதாவது நாளுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். ஆகவே நடப்பு எல்லையை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் உறுதிப்படுத்திக்கொண்டு, மெஷினில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விற்பனைத் தொகையை எடுத்துப் பாருங்கள். லாபத்தைப் பார்க்க மாட்டார்கள், விற்பனையைத்தான் பார்ப்பார்கள். பதியாத கடை பில்லில் "வற்" என்று ஒரு சதமும் சேர்க்கக் கூடாது. சொவ்ட்வெயாரில் அந்த வரி தானாகவே திறந்திருக்கும், முதல் நாளே மூடுங்கள்.

கொம்பனிக்குக் கொடுக்கும் பின் திகதி போட்ட செக்குகளுக்குத் தனி நாட்காட்டி வையுங்கள். வங்கியில் போட்ட செக் அடுத்த வேலை நாளே தீர்ந்துவிடும், "கொழும்புச் செக், நாலு நாள் எடுக்கும்" என்ற பழைய கணக்கு இப்போது இல்லை. எந்தக் கிழமையில் எவ்வளவு விழுகிறது என்று தெரியாமல் கடன் எல்லை போடுவது கண்ணைக் கட்டி வள்ளம் விடுவது.

திருமலைக்கடை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வரும் கார்த்திகையில் குழாயும் வயரும் மட்டும் தொடங்குவதாக வைத்திருக்கிறேன். ஒரு சந்தேகம்: சாமான் இறங்கும்போது லொறிக்காரன் அவசரப்படுத்துவான். எண்ணி ஏற்றுவது எப்படி?

ராக்கைக்கணக்கு எழுதியது:

இறக்கும்போது பெட்டியை மட்டும் எண்ணி, கொம்பனி பில்லில் "பெட்டி எண்ணியது, உள்ளே பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சாமானை ராக்கையில் அடுக்காமல் ஒரு மூலையில் வையுங்கள், நிலத்தில் மஞ்சள் கோடு போட்டால் நல்லது. அன்று பின்னேரத்துக்குள் உள்ளே எண்ணி, மெஷினில் ஏற்றி, புது விலையை ராக்கையில் மாற்றிய பிறகுதான் கோட்டைத் தாண்ட வேண்டும். குறைவு இருந்தால் அன்றைக்கே படத்தோடு அனுப்புங்கள், மறுநாள் கேட்டால் ஒருவரும் ஏற்கமாட்டார்கள். ஏற்ற முன்னம் யாராவது வந்து அந்தச் சாமானைக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். அதற்கு அந்த மூலையில் ஒரு கொப்பி தொங்கட்டும். சீ.ஆர். கொப்பிக்கு இனி அந்த ஒரு வேலை போதும்.